சாவா மூவாப் பேராடு

திருமாலின் அவதாரங்களுள் பூமிப்பிராட்டியோடு நேரே தொடர்புடையது வராகாவதாரம். கடலுள் ஆழ்ந்த நிலமகளை எம்பெருமான் ஏன உருக்கொண்டு கோட்டிடை ஏந்தி மீட்டருளினான் என்று புராணங்கள் பேசும். அவ்வாறு மீட்கப்பெற்ற பூமி அன்று வாழ்ந்த உயிர்களுக்காக மட்டும் மீட்கப்பெற்றதன்று. பின்னர்ப் பிறக்கவிருந்த எண்ணிறந்த உயிர்களுக்காகவும் மீட்கப்பெற்றதாகும். செஞ்சி மலைப்பகுதியில் தோன்றிப் புதுச்சேரிக் கடலை நாடிச் செல்லும் ஆறு வராக நதி என்னும் திருநாமம் தாங்கி ஓடுவது, இவ்வுண்மையை அந்நாட்டு மக்களுக்கு நாள்தோறும் நினைவூட்டுவது போலும். சங்கராபரணி என்பதும் அவ்வாற்றின் பெயரே.

செஞ்சிக்கு அருகே சிங்கவரம் குன்றில், பல்லவர் காலக் குடைவரையுள் பள்ளிகொண்டருளும் அரங்கநாதனைச் சேவிக்கப் படியேறும் அன்பர்கள், சிறிது நின்று திரும்பிப் பார்த்தால், ஒரு புறம் கோட்டை மலைகளையும் மறு புறம் வயல்களையும் ஏரிகளையும் காண்பர். அடுத்துள்ள வல்லம் வட்டாரத்திற்குச் சென்றாலும் இதே காட்சிதான்: பாறைக் குன்றுகள், அவற்றின் அடியில் மழைநீரைத் தேக்கும் ஏரிகள், ஏரியின் கீழ் நெல், மேட்டு நிலத்தில் மணிலா. இந்த ஏரிகளை வெட்டியவர் இன்று இலர். இவற்றில் நீர் குடிக்கப் போகிறவர் பலர் இன்னும் பிறந்திலர். இடையில் நிற்பவர் இன்று வாழ்பவர் மட்டுமே. அவ்வாறாயின், இந்நீர் யாருடையது? இந்த மண்ணும் மலையும் யாருடையவை? இன்றிருப்போர் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு விட்டுச் செல்லவேண்டும்?

இவ்வினாவை இக்காலத்து அறிஞர்கள் தலைமுறைகளுக்கிடையிலான நீதி என்று பெயரிட்டு ஆராய்கின்றனர். பெயர் புதியது, பொருள் பழையது. தமிழகத்துக் கோயிற் கல்வெட்டுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதற்கு ஒரு விடை பொறிக்கப்பெற்றுள்ளது. அவ்விடையின் பெயரே இக்கட்டுரையின் தலைப்பு.

விளக்கும் ஆடும்

சோழர் காலத்தில் ஓர் அடியார் கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரியவேண்டுமென விரும்பினால், எண்ணெய்க்குக் காசு கொடுத்துவிட்டுச் செல்வதில்லை. காசு தீரும், விளக்கும் அணையும். ஆதலின் அவர் ஆடுகளை அளித்தார். பெரும்பாலும் ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள். அவ்வாடுகள் இடையர் ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பெறும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளப்பார். எஞ்சிய பாலும் எருவும் அவர் குடும்பத்தின் வாழ்வுக்கு ஆகும். இவ்வாடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடுகள் என்பது இதன் பொருள்.

ஆடு சாகாதிருக்குமோ எனின், ஒவ்வோர் ஆடும் சாகவே செய்யும், மந்தை சாவதில்லை. கிழடான ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்ந்து நிற்கும். தொண்ணூற்றாறு என்னும் எண்ணிக்கை குறையாமல் காத்துவிட்டால், இராசராசன் காலத்து விளக்கு இராசேந்திரன் காலத்திலும் எரியும்; அவன் பேரன் காலத்திலும் எரியும். பொன் அளித்தோரும் இம்முறையையே பின்பற்றினர். முதலைத் தொடாது நிறுத்தி, அதனின்று வரும் பலிசையை, அதாவது வட்டியை மட்டும் கொண்டு திருவமுதும் திருவிழாவும் நடத்தவேண்டும் என்று விதித்தனர்.

இவ்வேற்பாட்டினுள் மூன்று நெறிகள் அடங்கியுள்ளன. முதலாவது, இன்று மந்தையைக் காப்பவன் பட்டினி கிடக்கவேண்டியதில்லை. பயனில் அவனுக்கு உரிமையான பங்கு உண்டு. இரண்டாவது, அவன் பயனை உண்ணலாம், முதலை உண்ணலாகாது. மூன்றாவது, அவன் தவறினால் கேட்பதற்கு ஆள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் ஆடுகளைப் பெற்ற இடையர்களின் பெயர்களோடு அவர்களுக்குப் பிணை நின்றவர்களின் பெயர்களும் பொறிக்கப்பெற்றுள்ளன. பங்கு, காப்பு, பிணை என்னும் இம்மூன்றும் சேர்ந்ததே நீதி. இவற்றுள் ஒன்று இல்லையெனினும் விளக்கு அணைந்துவிடும்.

ஏரியும் ஒரு மந்தையே

ஏரியை நோக்கினால், அதுவும் சாவா மூவாப் பேராடு போன்றதே என்பது விளங்கும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி கார்த்திகையில் பெய்யும். அந்நீர் வரத்துக்கால்களின் வழியே வந்து ஏரியை நிரப்பும். மதகின் வழியே வயலுக்குப் பாயும். மிகுந்தது கலங்கலின் வழியே வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லும். தை மாசியில் நெல் விளையும். சித்திரையில் ஏரி வறளும். மீண்டும் மழை வரும். நீர் ஆண்டுதோறும் வந்து ஆண்டுதோறும் செல்வது, அது பயன். ஏரியின் ஆழமும் கரையும் வரத்துக்காலும் நீரை உள்ளே விடும் மண்ணும் முதல்.

இம்முதல் ஆண்டுதோறும் சிறிது தேய்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு மழையும் நீரோடு வண்டலையும் கொண்டு வருகிறது. அவ்வண்டலை அவ்வாண்டே அள்ளிவிட்டால் ஏரியின் கொள்ளளவு குறையாது. வயலுக்கும் அது நல்ல எரு. அள்ளாமல் விட்டால், அது மகன் காலத்துக்குக் கடனாகச் சேரும்; மகனும் விட்டால் பேரன் காலத்தில் ஏரி மேடாகும். கண்ணுக்குத் தெரியாமல் வளரும் கடன் இது.

முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறையைக் கூறுவன என்பது பலரும் அறிந்ததே. அத்தேர்தலில் அமைந்த வாரியங்களுள் ஒன்று ஏரிவாரியம். அதன் உறுப்பினர் அறுவர், பதவிக்காலம் ஓராண்டு. முன்பு வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பெறத் தகுதியற்றவர். ஊரின் முதலைக் காப்பவன் கணக்குக் காட்டவேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பு. ஏரியிலிருந்து வண்டலை அள்ளும் ஓடங்களை இயக்குவதற்கென்றே நிலமும் பொன்னும் அறக்கட்டளையாக வைத்த செய்திகளும் கல்வெட்டுகளில் உண்டு. ஏரிப் பராமரிப்புக்காக விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பெற்றது.

கோயிலும் இதில் பங்கு கொண்டது. விசயநகர மன்னர் காலத்தில் திருமலை திருப்பதியில் அடியார்கள் காணிக்கையாக அளித்த பொருளைக் கோயிலார் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கோயிற் கிராமங்களில் ஏரிகளும் கால்வாய்களும் வெட்டப் பயன்படுத்தினர். அதனால் கூடிய விளைச்சலைக்கொண்டு அவ்வடியார் பெயரால் நித்திய அமுதுபடி நடந்தது. உழவன் வயிறு நிறைந்தது. பெருமாளுக்கு அமுது ஆயிற்று. ஏரி பின்வருவோர்க்கு நின்றது.

செஞ்சிக் கோட்டையே இவ்வுண்மைக்கு ஒரு சான்று. 1690-ஆம் ஆண்டு தொடங்கி 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. மராட்டிய மன்னர் இராசாராம் உள்ளிருந்து தாங்கினார். மதிலும் அகழியும் மட்டும் அவ்வளவு காலம் ஒரு படையைக் காத்திருக்க இயலாது. இராசகிரியின் உச்சியில் சுனைநீர் இருந்தது. கீழே குளங்களும், நீரைக் கொண்டுசெல்லச் சுடுமண் குழாய்களும் அமைக்கப்பெற்றன. சக்கரக்குளமும் செட்டிகுளமும் இன்றும் காண்போர்க்கு அக்காலத்தாரின் நீர்க்கவலையை எடுத்துரைக்கின்றன.

முதல் கரைந்த வரலாறு

இத்தகைய ஏற்பாடு எவ்வாறு நெகிழ்ந்தது? ஒரு நாளில் நெகிழ்ந்ததன்று. ஒருவர் மட்டும் செய்த குற்றமும் அன்று.

ஊரார் கூடிச் செய்த ஏரிப்பணி குடிமராமத்து எனப்பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஊரின் மானியங்களும் அதிகாரங்களும் மாறின. ஏரிகள் அரசின் உடைமையாயின. ஊரார் தாமாகச் செய்துவந்த பணி தளர்ந்தபோது, 1858-ஆம் ஆண்டு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. அன்போடும் உரிமையோடும் செய்த வேலையைச் சட்டத்தின் அச்சத்தால் மீண்டும் செய்விக்க முடியவில்லை. தனது என்று எண்ணாத பொருளை எவரும் நெடுநாள் காப்பதில்லை.

அடுத்தது கிணறு. கவலை மாடு பூட்டி நீர் இறைத்த காலத்தில், மாடு களைக்கும், மனிதனும் களைப்பான். அக்களைப்பே நிலத்தடி நீருக்குக் காவலாக இருந்தது. ஒரு நாள் இறைத்த நீர் மறுநாள் ஊறிவிடும். மின்சார மோட்டார் வந்தபின் களைப்பு என்பது இல்லாதொழிந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஆழத்துக்கும் எல்லை இல்லாதொழிந்தது. செஞ்சி, வல்லம் பகுதிகள் கடினப் பாறை நிலம். இங்கே நிலத்தடி நீர், மேலே மட்கிய பாறையடுக்கிலும் கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். மணற்பாங்கான ஆற்றுப்படுகையைப் போல் இங்கே பெருங்கொள்ளளவு இல்லை. மழைநீர் ஏரியில் நின்று மெல்ல மெல்லக் கசிந்து இறங்கினால்தான் அவ்வெடிப்புகள் நிரம்பும். ஆகவே கிணற்றுக்குத் தாய் ஏரியே. ஆயினும் கிணறு உடையவனுக்கு ஏரியின்மேல் இருந்த அக்கறை குறைந்தது. மதகு திறக்கும் நாளை எதிர்பார்த்து வாழ்ந்த சிறு நிலத்தாரின் குரல் மட்டும் ஊர்க்கூட்டத்தில் எஞ்சியது.

இதில் இரண்டு அநீதிகள் ஒன்றாகக் கலந்திருப்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஆழமாகத் துளையிட வசதியுள்ளவன், வசதியில்லாத அண்டை நிலத்தானின் கிணற்றை வற்றச் செய்கிறான். இது ஒரே தலைமுறைக்குள் நேரும் அநீதி. இருவரும் சேர்ந்து, ஆண்டு மழை தருவதினும் மிகுதியாக இறைக்கும்போது, பிறவாத பேரனின் பங்கை எடுத்துவிடுகின்றனர். இது தலைமுறைகளுக்கிடையே நேரும் அநீதி. முன்னதைக் களையாமல் பின்னதைக் களைய இயலாது. எளியவன் கண்முன் வலியவன் அள்ளிக்கொண்டிருக்கையில், 'பேரனுக்காக நீ விட்டுக்கொடு' என்று எளியவனிடம் சொல்லும் சொல் எடுபடாது.

உலகோர் கூறிய விடை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வினா உலக மன்றங்களுக்கு வந்தது. 1972-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மாநாடு, இன்றைய தலைமுறைக்காகவும் வருங்காலத் தலைமுறைகளுக்காகவும் சுற்றுச்சூழலைக் காப்பது மனிதனின் பொறுப்பு என்று அறிவித்தது. அம்மாநாட்டில் பேசிய பாரதப் பிரதமர் இந்திரா காந்தி, வறுமையைப் போக்காமல் சூழலைக் காக்க முடியாது என்பதை எடுத்துரைத்தார். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்தால், சூழலையும் காடுகளையும் காப்பது அரசின் நெறியாகவும், ஏரி, ஆறு, காடு, வனவிலங்கு ஆகியவற்றைப் பேணுவது குடிமக்களின் கடமையாகவும் அரசியலமைப்புச் சட்டத்தில் இடம்பெற்றன. 1987-இல் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான உலகக் குழு, வருங்காலத்தார் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதே நிலைத்த வளர்ச்சி என வரையறுத்தது. இது சாவா மூவாப் பேராட்டின் இலக்கணமே அன்றோ!

பிலிப்பைன்ஸ் நாட்டில் சிறுவர் சிலர், காடுகளை வெட்டும் உரிமங்களை நீக்கவேண்டுமெனத் தமக்காகவும் இன்னும் பிறவாதவர்களுக்காகவும் வழக்குத் தொடுத்தனர். அவ்வாறு தொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1993-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பாரதத்தில், பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியை நாட்டின் சட்டமாக ஏற்றது.

வைணவ அன்பர்கள் சிறப்பாக அறியவேண்டிய வழக்கு ஒன்று உண்டு. திருப்பதி நகரை ஒட்டி அவிலாலா, பேரூரு என்னும் இரு பழைய ஏரிகள் இருந்தன. அவற்றின் படுகை நிலங்கள் வீட்டுவசதிக்கென அரசு ஆணைகளால் ஒதுக்கப்பெற்றன. ஏரி அழிந்தால் நிலத்தடி நீர் குன்றும் என்று அவ்வூர் அறிவுசார் மன்றம் ஒன்று வழக்கிட்டது. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏரி போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அன்று, மக்களுக்காக வைத்திருக்கும் பொறுப்பாளரே என்றும், தலைமுறைகளுக்கிடையிலான நீதியை மறந்து அவற்றைக் கையாளலாகாது என்றும் அத்தீர்ப்பு விளக்கியது.

அத்தீர்ப்பின் பிற்பகுதி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. அதற்குள் வீடுகள் பல கட்டப்பெற்றுவிட்டன, மக்கள் குடிபுகுந்துவிட்டனர். நீதிமன்றம் அவ்வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. இனிமேல் அங்கே கட்டடம் எழுப்பலாகாது என்றது. கட்டிய வீடுகளின் கூரையில் விழும் மழைநீரை நிலத்துள் இறக்கவேண்டும் என்றது. வரத்துக்காலைச் செப்பனிடச் சொன்னது. நிலத்தடி நீரைப் பெருக்கவும் அளந்து கண்காணிக்கவும் ஏற்பாடு செய்யச் சொன்னது. இன்றிருப்போர் தலைக்கு மேலுள்ள கூரையைப் பறிக்காமல், அக்கூரையைக்கொண்டே நாளை வருவோர்க்கு நீர் சேர்க்க வழி கண்டது. மந்தையில் சில ஆடுகள் குறைந்துவிட்டன என்பதற்காக இடையனைத் தண்டித்து விரட்டிவிட்டால் விளக்கு எரியாது. குறைந்ததை அவன் கையாலேயே நிறைவிக்கவேண்டும்.

இன்றிருப்போர்க்கும் நாளை வருவோர்க்கும்

'நாளை பிறப்போர்க்காக இன்றிருப்போர் வருந்துவதா? அவர்கள் இவர்களினும் செல்வராகவும் அறிவுடையோராகவும் பிறக்கக்கூடுமே' என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. அதற்கு விடை, வருங்காலத்தார் எதை மாற்றீடு செய்துகொள்ள இயலும், எதை இயலாது என்பதில் அடங்கியுள்ளது. அவர்கள் புதிய இயந்திரம் செய்வர். புதிய வித்து காண்பர். ஆனால் வெடிப்பில் வற்றிய நீரையும், நஞ்சேறிய மண்ணையும், தகர்த்துவிட்ட குன்றையும் அறிவால் மட்டும் மீட்டுக்கொள்ளல் அரிது.

முன்னோர் இயற்கையைத் தொடாமலே விட்டார்கள் என்று எண்ணுதலும் தவறு. சிங்கவரத்துப் பாறை குடையப்பெற்றது. செஞ்சி மலைகளில் கல் வெட்டப்பெற்றது. வெட்டிய கல் என்ன ஆயிற்று? கோயிலாயிற்று, மதிலாயிற்று, நூற்றாண்டுகள் கடந்தும் பின்வந்தோர்க்குப் பயன்படுகின்றது. 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராட்டியர் படையரண்கள் என்னும் தொகுதியில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. எடுத்ததற்கு ஈடாக நிலைத்த ஒன்றை விட்டுச் சென்றமையால், அவர்கள் எடுத்ததை எவரும் குறை கூறுவதில்லை. இன்று ஒரு குன்றைச் சல்லியாக உடைத்துச் சாலையில் இட்டால், சாலை சில ஆண்டுகளில் தேயும், குன்று மீளாது. ஆகவே, மீளாத பொருளை எடுக்கும்போது கணக்கு மேலும் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

அக்கணக்கிற்கும் பழைய கல்வெட்டு முறையே வழிகாட்டுகிறது. கோவாவின் இரும்புத் தாது பற்றி 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தாது விற்ற தொகையில் நூற்றுக்குப் பத்துப் பங்கை நிலைநிதி ஒன்றில் சேர்த்து வைக்கவேண்டும் என்றது. தலைமுறைகளுக்கிடையிலான நீதியே அதற்குக் காரணமாகக் காட்டப்பெற்றது. கடலடியில் எண்ணெய் கண்ட நார்வே நாடு 1990-இல் சட்டம் இயற்றி நிதியம் ஒன்று அமைத்தது. எண்ணெய் வருவாய் அதில் சேரும். அதன் பயனாக எதிர்பார்க்கும் அளவை மட்டுமே அரசு ஆண்டுதோறும் செலவிடுவது என்பது அந்நாட்டு நெறி. முதல் நிற்கப் பலிசையால் விளக்கெரித்த சோழ நாட்டு அடியார் இதைக் கேட்டால் வியப்படையார்.

நீரைப் பொறுத்தவரை, நாளை வருவோர்க்குச் செய்யும் நன்மை பெரும்பாலும் இன்றிருப்போர்க்கும் நன்மையாகவே முடிகின்றது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைத் தாக்கியபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வராக நதியும் தொண்டியாறும் கூடுமிடத்தில் 1959-ஆம் ஆண்டளவில் கட்டப்பெற்ற வீடூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டது. சங்கராபரணிக் கரையோர ஊர்கள் புதுச்சேரி வரை தவித்தன. அத்தகைய பெருமழை முழுவதையும் ஏரிகள் மட்டும் தாங்கிவிடும் என்று கூற இயலாது. ஆயினும் ஆழமுள்ள ஏரியும், அடைபடாத வரத்துக்காலும், ஆக்கிரமிப்பற்ற கலங்கற் போக்கும் வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கும். அதே நீரைக் கோடைக்குச் சேர்த்தும் வைக்கும். ஏரியைத் தூர்த்து மனையாக்கினவன் பேரனுக்கு மட்டும் தீங்கு செய்யவில்லை. கீழூரில் இன்று உறங்குகின்றவனுக்கும் தீங்கு செய்தவனாகிறான்.

தமிழகத்தில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றைக் காக்க 2007-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. 2017-இல் குடிமராமத்து என்னும் பெயரையே மீட்டு, ஏரி தூர்வாரும் பணியும் உழவர் வண்டல் மண் எடுத்துக்கொள்ள வழியும் செய்யப்பெற்றன. இப்பணிகளில் நிறுத்துப் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. ஏரிக்கரையில் குடிசை போட்டவன் பெரும்பாலும் வேறு நிலம் இல்லாதவன்; ஏரிப்படுகையை வளைத்துப் பயிரிட்டவனோ மனை போட்டு விற்றவனோ அப்படிப்பட்டவன் அல்லன். இருவரையும் ஒரே கோலால் அளப்பது நீதியாகாது. முன்னவனுக்கு முதலில் மாற்றிடம். பின்னவனிடம் முதலில் மீட்பு. இவ்வாறு செய்தால்தான் இன்றைய ஏழைக்கும் நாளைய குழந்தைக்கும் ஒருங்கே நீதி கிட்டும்.

பேச இயலாதோர்க்குப் பேசுவோர்

கோயிலொழுகு அறிந்தோர்க்கு இறுதியாக ஒரு செய்தி எளிதில் விளங்கும். பாரதச் சட்டத்தில் திருக்கோயில் மூர்த்தி உடைமை கொள்ளும் உரிமையுடையவர்; ஆயினும் தம் உடைமையைத் தாமே மேற்பார்க்க இயலாமையால், என்றும் மைனராகவே மதிக்கப்பெறுகிறார். தர்மகர்த்தா அவ்வுடைமையைக் காப்பவர், உரியவர் அல்லர். நிலத்தின் குத்தகையைக் கைங்கரியத்துக்குச் செலவிடலாம். நிலத்தை விற்க 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதி வேண்டும். அதுவும் அந்நிறுவனத்தின் நன்மைக்கெனின் மட்டுமே.

பிறவாத தலைமுறையும் அத்தகைய மைனரே. அதற்கு வாக்கு இல்லை. ஊர்க்கூட்டத்தில் இடம் இல்லை. நீதிமன்றத்தில் தானே நிற்க இயலாது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை அன்னையை உயிருள்ள சட்டநபராக அறிவித்து, அவளைக் காக்கும் பொறுப்பை அரசுகளுக்கு உரைத்தது. பூமியைப் பிராட்டியாகக் கண்டு வணங்கும் மரபினர்க்கு இது புதுமையன்று. ஒவ்வொரு தலைமுறையும் அவளுடைய தர்மகர்த்தாவே. ஒன்றும் அவளுக்கு உரிமையாளர் அன்று.

உற்சவத்திற்கு வரும் அன்பர்கள் இதைத் தம் அளவில் செய்துகாட்ட வழிகள் உண்டு. திருக்குளத்தில் எண்ணெய்க் காகிதமும் பிளாஸ்டிக் பையும் இடாதிருத்தல் எளிய தொடக்கம். தம் ஊர் திரும்பியபின், ஊர் ஏரியின் பரப்புக் கிராமக் கணக்கில் எவ்வளவு, நேரில் எவ்வளவு என்று கேட்டறிதல் அடுத்தது. வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டுள்ளது என்பதைப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுதல் அதனினும் சிறந்தது. கிராமசபையில் ஏரிக்கணக்கைக் கேட்பது உத்திரமேரூரார் விட்டுச் சென்ற உரிமை. இவை யாவும் பெருஞ்செலவு உடையன அல்ல. தொண்ணூற்றாறை எண்ணிப் பார்க்கும் பழக்கம் மட்டுமே வேண்டும்.

கல்வெட்டுகளின் இறுதியில் ஒரு வழக்கம் காணப்பெறும். அறம் செய்தவர், 'சந்திரனும் சூரியனும் உள்ளளவும் இது நடக்கவேண்டும்' என்று கூறி, பிற்காலத்தில் இவ்வறத்தைக் காக்கும் முகமறியாத ஒருவரின் திருவடிகளைத் தம் தலைமேல் தாங்குவதாக உறுதி கூறுவார். கொடுத்தவர் மன்னராயினும் சரி, இடையராயினும் சரி, வணங்கியது இன்னும் பிறவாதவரை. அடியார்க்கு அடியாராய் நிற்கும் பணிவின் மற்றொரு வடிவம் அது.

அன்று பிறவாதிருந்தவர்களே இன்று வாழ்பவர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் எவருடைய பாதங்களைத் தலைமேற் கொண்டனரோ, அப்பாதங்களே இன்று சிங்கவரத்துப் படிகளிலும் வல்லத்து ஏரிக்கரைகளிலும் நடக்கின்றன. அவ்வணக்கத்திற்குத் தகுதியுடைய தலைமுறையாக இன்றுள்ளோர் விளங்குதலும், அதே வணக்கத்தை இனி வருவோர்க்குச் செலுத்துதலும் ஆகிய இரண்டும் ஒன்றே.

ஏனமாகி நிலமகளை ஏந்தியருளிய எம்பெருமான் திருவருளால் ஏரிகள் நிறைக, குடிகள் தழைக்க, நந்தாவிளக்கு என்றும் நின்று ஒளிர்க.